எங்கள் அணிக்கு ஒரு பாயின்ட்

1

ஆட்டத்தில் தோற்றதற்காகக் கேசரி கிண்டிய வீடு சிட்னியிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். போன ஞாயிறு காலை, கெல்லிவில்லில் எங்கள் அடுப்படியில் ரவையை வறுத்தபடி, போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு தூத்துக்குடியில் இருக்கும் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். அம்மா முதல் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“நேத்து கடைசில நெட் போயிட்டு. ஜெயிச்சீங்களா இல்லையா?”

“தோத்துட்டோம்மா.”

“அப்புறம் எதுக்குட்டி கேசரி?”

“ஒரு பாயின்ட் கிடைச்சிருக்கு.”

“தோத்தவங்களுக்கு எதுக்குப் பாயின்ட்டு?”

நியாயமான கேள்வி. ஊரில் இருக்கும் உங்களுக்கும் அது தோன்றும் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இங்கே நான் சொல்லும் ஆட்டம் ஐஸ் ஹாக்கி. கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு ஹாக்கியைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. அதே ஆட்டத்தைப் புழுதித் தரைக்குப் பதில் பனிக்கட்டித் தரையில், காலில் பிளேடு வைத்த பூட்ஸ் மாட்டிக்கொண்டு, பந்துக்குப் பதில் ஒரு கருப்பு ரப்பர் வட்டை வைத்து ஆடுகிறார்கள். அம்மா அந்த வட்டைச் சில்லு என்றுதான் சொல்வார். முழு நேரத்தில் சமநிலையில் முடிந்தால் இரண்டு அணிக்கும் ஆளுக்கொரு பாயின்ட். பிறகு கோல்கீப்பரை எதிர்த்து ஒவ்வொருவராக அடித்துப் பார்த்து, அதில் ஜெயிப்பவருக்குக் கூடுதலாக ஒன்று. நாங்கள் அந்தக் கூடுதலை விட்டுவிட்டோம். ஆனால் முதல் பாயின்ட் எங்களிடம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் ஐஸ் ஹாக்கிக்கென்று ஒரு சின்ன லீக் இருப்பது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. அதில் மேற்கு சிட்னியிலிருந்து எங்கள் அணி சேர்ந்தது இந்த ஆண்டுதான். சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் கனடாவிலிருந்து வந்த இரண்டு பேர் மட்டும். மற்றவர்களுக்கு வார நாளில் வேறு பிழைப்பு உண்டு. ஒருவர் பஸ் ஓட்டுகிறார், ஒருவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். கேப்டன் மிட்ச் எலெக்ட்ரீஷியன்.

நான் அந்த அணிக்கு ஐஸ் போடுகிறவள்.

2

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் அப்பா கம்ப்ரசர் ஆபரேட்டராக இருந்தார். பெரிய தொட்டியில் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த உப்புத் தண்ணீர். அதற்குள் வரிசை வரிசையாகத் தகர டின்கள், டின்னுக்குள் நல்ல தண்ணீர். இறுகியதும் டின்னைத் தூக்கிக் கவிழ்த்தால் ஐஸ் பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதை மிஷினில் போட்டு நொறுக்கி விசைப்படகுகளுக்கு அனுப்புவார்கள். பள்ளி விடுமுறையில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை எனக்கு. மே மாத வெயிலில் அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மூக்கைக் குத்தும் அமோனியா வாடையும், தரை அதிரும் கம்ப்ரசர் சத்தமும், வாசலில் நின்றாலே முகத்தில் அடிக்கும் குளிரும் எனக்குச் சொர்க்கமாக இருந்தன.

அந்த மயக்கத்தில்தான் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தேன். மேற்படிப்புக்கு மெல்பர்ன் வந்து, படிப்பு முடித்து, கல்யாணம் முடித்து, சிட்னிக்கு மாறினேன். குளிர்சாதனத் துறையில் வேலை தேடியபோதுதான் இந்த நாட்டின் விதிகள் புரிந்தன. குடியேற்றத் துறைக்கு நான் தகுதியான பொறியாளர். வேலை கொடுப்பவர்களுக்கு நான் உள்ளூர் அனுபவம் இல்லாதவள். குளிரூட்டும் வாயுவைத் தொடுவதற்கான லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்துக்கு நான் முதல் பாடத்திலிருந்து படிக்க வேண்டிய மாணவி. பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, என் வயதில் பாதிகூட இல்லாத பையன்களோடு தொழிற்கல்லூரியில் உட்கார்ந்து செம்புக் குழாய் வெட்டவும் பற்றவைக்கவும் படித்தேன். அழுகை வந்த நாட்களும் உண்டு. ஆனால் குழாய் பற்றவைப்பது எனக்கு நன்றாக வந்தது, அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

பெயரால் வந்த வேடிக்கை தனி. என் பெயர் மெர்சி. ஆங்கிலத்தில் அதற்கு இரக்கம் என்று பொருள். முதல் வேலையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் குளிர்கிடங்குக்குள் நான் குழாய்களுக்கு நடுவே படுத்திருக்க, மேற்பார்வையாளர் வெளியிலிருந்து “மெர்சி, மெர்சி” என்று கத்தியிருக்கிறார். யாரோ எங்கோ மாட்டிக்கொண்டு உயிருக்குக் கெஞ்சுகிறார் என்று நினைத்து, காய்கறி வாங்க வந்த ஒரு பெண்மணி அவசர எண்ணுக்குப் போன் செய்துவிட்டார்.

3

பனித்தளத்துக்கு என்னைக் கூட்டிப்போனது என் மகள் நிலா. பள்ளியிலிருந்து ஒருநாள் ஸ்கேட்டிங் கூட்டிப்போனார்கள். வீட்டுக்கு வந்தவள் முழங்கால் நீலமாக வீங்கியிருக்க, ஹாக்கி ஆட வேண்டும் என்று நின்றாள். அதற்காகப் பரதநாட்டியத்தை அவள் விட்டபோது சரி என்றேன். இந்த ஆண்டு ஜூனியர் பயிற்சி சனிக்கிழமை காலைக்கு மாறியது. அது தமிழ்ப் பள்ளி நேரம். அங்குதான் எனக்குக் கோபம் வந்தது.

“அம்மா, ஐ கேன் ஸ்பீக் டமில்” என்றாள், ஆங்கிலத்தில். “ஐ கான்ட் ஸ்கேட் பேக்வர்ட்ஸ் யெட்.”

அவள் அப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினான்கு வயதில் பிள்ளை நம் கையிலிருந்து வழுக்கிப் போகிறாள், அதுவும் பனித்தரையில் போகிறாள் என்று இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் காரோட்டினேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை அவள் ஹெல்மெட்டை மறந்துவிட்டு வந்ததற்கு வாசலிலேயே திட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

“நீங்கள் தமிழோ?”

அவர் குகன். ஐம்பது தாண்டியவர், யாழ்ப்பாணத்துக்காரர். போர்க்காலத்தில் டொரன்டோ போய், அங்கே ஐஸ் ஹாக்கிப் பைத்தியம் பிடித்து, மனைவியின் குடும்பம் இருக்கும் மேற்கு சிட்னியின் பிளாக்டவுனுக்குக் குடிவந்தவர். வார நாளில் ரயிலில் கார்டு வேலை. மற்ற நேரமெல்லாம் இந்த கிளப்தான். லீக்கில் ஓர் அணியைச் சேர்க்க அவர் எத்தனை அலுவலகப் படி ஏறி இறங்கினார் என்பதை அவர் மனைவி சொல்லிக் கேட்க வேண்டும்.

“அண்ணா, உங்க கம்ப்ரசர்ல ஒண்ணு சரியில்ல. சத்தம் கேக்குது பாருங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “எனக்கு ஒரு சத்தமும் கேக்கேல்லையே, தங்கச்சி. நீங்கள் என்ன வேலை செய்யிறனீங்கள்?”

சொன்னேன். அடுத்த வாரமே தள உரிமையாளரிடம் பேசி, எங்கள் நிறுவனத்துக்குப் பராமரிப்பு வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டார். இயந்திர அறைக்குள் முதல்முறை போனபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உப்புத் தண்ணீர், குளிர்ந்த குழாய்கள், அதே அதிர்வு. டின்னுக்குப் பதில் சிமென்ட் தரைக்கு அடியில் குழாய் ஓடுகிறது, அவ்வளவுதான். ஒரு பக்கம் சுவருக்கு முன்னால் என் மகள் வழுக்கிக்கொண்டிருந்தாள், சுவருக்குப் பின்னால் நான் அதற்கான ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எங்கேயும் போய்விடவில்லை என்று அன்றைக்குத்தான் கோபம் கொஞ்சம் இறங்கியது.

அம்மாவிடம் சொன்னபோது அவருக்குப் புரியவில்லை. “புது வேலைன்னியே, அங்க என்னட்டி பண்ணுத?”

“ஐஸ் வைக்கேன்மா.”

“யாருக்கு? மேனேஜருக்கா?”

4

எங்கள் அணி முதல் இரண்டு ஆட்டங்களையும் வெளியூரில் ஆடி, இரண்டிலும் நன்றாக அடி வாங்கியது. மூன்றாவது ஆட்டம்தான் சொந்தத் தளத்தில். மெல்பர்னிலிருந்து அணி வருகிறது. சனிக்கிழமை மாலை என்பது பொதுமக்கள் ஸ்கேட்டிங்குக்குக் கூட்டம் அள்ளும் நேரம். அதை எங்களுக்கு விட்டுக்கொடுத்த உரிமையாளர், முதல் ஆட்டம் ஒழுங்காக நடந்தால்தான் அடுத்ததைப் பற்றிப் பேச்சு என்று சொல்லியிருந்தார். லீக் விதி இன்னும் கறார். தொடங்குவதற்கு முன் நடுவர் ஐஸைச் சோதிப்பார். ஆடத் தகுதியில்லை என்றால் வெற்றி வெளியூரிலிருந்து வந்த அணிக்கு.

ஏப்ரலில் இங்கே குளிர் எட்டிப் பார்க்க வேண்டும். அந்த வாரம் பார்த்து வடக்கிலிருந்து புழுக்கம் இறங்கியது. காலையில் காரை விட்டு இறங்கியபோது மழைக்கு முந்தின தூத்துக்குடி மாதிரி உடம்பில் சட்டை ஒட்டியது. இந்த ஈரக் காற்றுதான் ஐஸுக்கு முதல் எதிரி. தளத்தில் இரண்டு கம்ப்ரசர்கள். சாதாரண நாளில் ஒன்று போதும். கூட்டம் நிறைந்த அரங்கில் ஆட்டம் நடத்த இரண்டும் ஓட வேண்டும்.

பிற்பகல் மூன்று மணி வாக்கில் இரண்டாவது நின்றுவிட்டது.

அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் அழுத்தம் சரி, வாயு சரி. மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய சுவிட்ச் கருகிக் கிடந்தது. சனிக்கிழமை மதியம் அந்த உதிரிப் பாகம் விற்கும் கடை எதுவும் திறந்திருக்காது. திறந்திருந்தாலும் நான் மாட்ட முடியாது. என் லைசென்ஸ் வாயுவுக்கும் குழாய்க்கும்தான். மின்சாரத்தைத் தொட அதற்கென்று லைசென்ஸ் உள்ளவர் வேண்டும்.

குகன் அண்ணா வாசலில் வந்து நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

“தங்கச்சி, உண்மையைச் சொல்லுங்கோ. நான் மெல்பர்ன் ஆக்களுக்குச் சொல்லிப்போடவோ?”

“கொஞ்சம் பொறுங்கண்ணா. மிட்ச் வந்துட்டாரா?”

மிட்ச் உடை மாற்றும் அறையில் பாதி மாற்றியிருந்தார். தொடை வரைக்கும் மெத்தை வைத்த ஆட்டக் கால்சட்டை, மேலே பனியன், காலில் ரப்பர் செருப்பு. அப்படியே வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வேறு சுவிட்ச் இருந்தால் மாட்டலாம் என்றார். அப்போதுதான் அறை மூலையில் பல காலமாக ஓடாமல் நிற்கும் பழைய பம்ப் என் கண்ணில் பட்டது. அதன் பெட்டியைத் திறந்தோம். அதே அளவு சுவிட்ச், தூசு படிந்து உட்கார்ந்திருந்தது.

உரிமையாளருக்குப் போன் செய்து அனுமதி வாங்கினேன். மிட்ச் வேனிலிருந்து கருவிப் பையை எடுத்து வந்தார். மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் கால்சட்டையில் செருகிக்கொண்டார். அவர் கழற்ற, நான் டார்ச் பிடித்தேன். நெற்றி வியர்வை அவர் கண்ணில் இறங்கியபோது என் துப்பட்டாவைத்தான் நீட்டினேன்.

“கேஸுக்கு உன் லைசென்ஸ், கரன்ட்டுக்கு என் லைசென்ஸ்” என்றார் ஆங்கிலத்தில். “ரெண்டு பேரும் சேர்ந்தா இந்த நாட்டுல ஒரு முழு ஆள்.”

இதற்கிடையே அரங்கின் விளக்குகளை அணைக்கச் சொன்னேன். கதவுகளைச் சாத்தி, யாரையும் உள்ளே விட வேண்டாம் என்றேன். ஒரு மனித உடம்பு விடும் சூட்டைக்கூட அப்போது நான் அனுமதிப்பதாயில்லை. வெளியே வரிசை வளர்ந்தது. குகன் அண்ணாவின் மனைவி ஆட்டத்துக்கு விற்கச் செய்திருந்த மட்டன் ரோல்ஸைத் தட்டுத் தட்டாக வரிசைக்கே கொண்டுபோனார்.

“சனம் கோவமா நிக்குதோ?” என்று அண்ணா கேட்டது எனக்குக் கேட்டது.

“ஒருத்தரும் கோவமில்லை. இன்னும் ரோல்ஸ் இருக்கோ எண்டு கேக்கினம்.”

மிட்ச் பூட்டைக் கழற்றினார். நான் பொத்தானை அழுத்தினேன். இரண்டாவது கம்ப்ரசர் ஒருமுறை இருமி, பிடித்துக்கொண்டு, மெல்ல முதலாவதின் சத்தத்தோடு கலந்தது. மிட்ச் என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டு, செருப்புச் சத்தத்தோடு உடை மாற்ற ஓடினார்.

நடுவர் வந்தபோது ஐஸ் இறுகிக்கொண்டிருந்தது, ஒரு மூலையைத் தவிர. அங்கே அவர் பூட்ஸின் பிளேடை ஊன்றினார். பொதபொதவென்று இருந்தது. என்ன இது என்பதுபோல் என்னைப் பார்த்தார். ஆங்கிலத்தில் விளக்க முயன்று, பதற்றத்தில் தமிழிலேயே யோசித்து, “தி ஐஸ் இஸ் ஸ்வெட்டிங்” என்றேன். ஐஸுக்கு வியர்க்கிறதாம்.

அவர் தன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். “ஸோ ஆம் ஐ” என்றார். பிறகு அரை மணி நேரம் கொடுத்தார்.

ஐஸ் சீவும் வண்டியை ஓட்டச் சொல்லி மேற்பரப்பைச் சீவி எடுத்தோம். கனம் குறைந்தால் அடியிலிருக்கும் குளிர் மேலே சீக்கிரம் வரும். அதன்மேல் சுடுதண்ணீரை மெல்லிசாக விட்டோம். சூடாக விட்டால்தான் கீழே இருக்கும் ஐஸோடு அது உருகிச் சேர்ந்து கண்ணாடியாக உறையும். நடுவர் மறுபடி வந்து அதே மூலையில் பிளேடை ஊன்றினார். பிளேடு இறங்கவில்லை. தலையாட்டினார்.

“கதவைத் திறவுங்கோ” என்று குகன் அண்ணா போட்ட சத்தம் ரயில் நிலையத்தில் பழகிய சத்தம்.

5

வெள்ளையாக மின்னும் தரையில் எங்கள் ஆட்கள் பச்சைச் சட்டையில் இறங்கியபோது அரங்கம் நிரம்பியிருந்தது. ஹாக்கி தெரிந்தவர்கள் பாதிப் பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள். என் கணவரின் அலுவலக நண்பர்கள், ரோல்ஸ் சாப்பிட வந்து தங்கிவிட்டவர்கள், பிளாக்டவுன் மளிகைக்கடைக்காரர் குடும்பத்தோடு. தூத்துக்குடியில் மதியச் சாப்பாட்டு நேரம். அப்பாவும் அம்மாவும் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெல்பர்ன் அணி சீக்கிரமே ஒரு கோல் போட்டது, அப்புறம் இன்னொன்று. எங்கள் பக்கத்தில் லூக் என்ற கனடா பையன் ஒன்றைத் திருப்பிப் போட்டான். அவன் தங்கியிருப்பது குகன் அண்ணா வீட்டில். காலையில் புட்டும் சம்பலும் சாப்பிட்டால்தான் கோல் விழுகிறது என்று அவனே ஒரு கணக்கு வைத்திருக்கிறான்.

இடைவேளையில் அப்பாவிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. அவர் இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொன்ன ஒரே கருத்து அதுதான். “ஐஸ் நல்லாத் தெளிவா இருக்கும்மா. இவ்வளவு நல்ல ஐஸ எதுக்கு இந்தப் பயலுவ இப்படிக் கீறிக் கெடுக்கானுவ?”

மூன்று பகுதி ஆட்டத்தின் இரண்டாம் பகுதி நடுவில் அது நடந்தது. வெளியிலிருந்து வந்த ஈரக் காற்றும் இத்தனை பேரின் மூச்சும் சேர்ந்து ஐஸின் மேல் மூடுபனியாக எழுந்தது. முதலில் கணுக்கால் வரை, அப்புறம் இடுப்பு வரை. ஆட்டக்காரர்கள் மேகத்துக்கு மேலே பாதி உடம்பாக மிதந்தார்கள். வட்டு எங்கே என்று கோல்கீப்பருக்கே தெரியவில்லை. நடுவர் விசில் ஊதி நிறுத்திவிட்டு என்னைத் தேடினார். இதற்கு இயந்திரத்தில் உடனடி மருந்து எதுவும் என்னிடம் இல்லை. காற்று அசைந்தால் கலையும் என்று மட்டும் சொன்னேன்.

“அப்ப அசைப்பம்” என்றார் குகன் அண்ணா. டொரன்டோவில் பார்த்திருக்கிறாராம்.

நடுவர் இரண்டு அணிகளையும் தளத்தைச் சுற்றி வரச் சொன்னார். எதிரும் புதிருமாக மோதிக்கொண்டிருந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாகச் சுற்றினார்கள். பனி கொஞ்சம் விலகி, மறுபடி மூடியது. ஆள் போதவில்லை. அடுத்த இடைவேளையில் சின்ன ஆட்டம் ஆடக் காத்திருந்த ஜூனியர் பிள்ளைகளை அண்ணா திரும்பிப் பார்த்தார். நடுவர் தலையசைத்தார்.

கதவு திறந்ததும் முதலில் பாய்ந்தது நிலா. பின்னால் பெரிதும் சிறிதுமாக மொத்தக் கூட்டம். மிட்சையும் லூக்கையும் மெல்பர்ன்காரர்களையும் முந்திக்கொண்டு, மூடுபனியைக் கிழித்துக்கொண்டு அவர்கள் சுற்றினார்கள். யாரோ கைதட்ட ஆரம்பிக்க, அரங்கம் முழுக்கத் தாளம் பிடித்துக்கொண்டது. கண்ணாடித் தடுப்பின் பக்கம் வந்தபோது நிலா என்னைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி, முதுகைக் காட்டியபடி வேகம் குறையாமல் வளைவைத் தாண்டினாள். அவளுக்குப் பின்புறமாக ஸ்கேட் செய்ய வந்துவிட்டது. எந்தச் சனிக்கிழமை வந்தது என்று எனக்குத் தெரியாது. இத்தனை வாரமும் நான் இயந்திர அறையில் இருந்தேன், அல்லது காரில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த என் கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

மூடுபனி கலைந்தது. ஆட்டம் தொடர்ந்தது. கடைசி நிமிடத்தில் மிட்ச் அடித்த வட்டு யார் காலிலோ பட்டு, கம்பத்தில் பட்டு, உள்ளே போனது. இரண்டுக்கு இரண்டு. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மளிகைக்கடைக்காரர் எழுந்து யாரென்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரரைக் கட்டிப்பிடித்தார். ஒவ்வொருவராக அடித்த கட்டத்தில் லூக்கின் அடியை அவர்களுடைய கோல்கீப்பர் காலால் தடுத்துவிட்டார். தோற்றோம். யாரும் எழுந்து போகவில்லை. குகன் அண்ணா படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணா, அழுறீங்களா?”

“இல்லை தங்கச்சி. ஒரு பாயின்ட்” என்றார். பிறகு அழுதார்.

உரிமையாளர் அவர் தோளைத் தொட்டு, அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கதவு திறக்கலாம் என்று கேட்டார்.

6

எல்லாம் முடிந்து அணியினர் புகைப்படத்துக்கு நின்றார்கள். மிட்ச் கை காட்டி என்னைக் கூப்பிட்டார். இத்தனை வாரமாக அந்த ஐஸுக்கு அடியிலும் பக்கத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். ஓரத்தில் வெப்பமானியை வைப்பதற்குமேல் உள்ளே போனதில்லை. வரவில்லை என்று தலையாட்டினேன்.

நிலா தடுப்புக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். முகம் சிவந்து, முடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது.

“கம் ஆன், மா. ஐல் ஹோல்ட் யூ.”

வேலைக்குப் போடும் கனத்த பூட்ஸோடு காலை வைத்தேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, பின்புறமாகவே நகர்ந்து, என்னை மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள். என் கால்கள் தாமாக வழுக்கின. “முட்டிய மடக்கு. கீழ பாக்காத, என்னப் பாரு” என்றாள். பார்த்தேன். நடு வட்டம் வரைக்கும் நன்றாகத்தான் போனது. அங்கே மிட்சைப் பார்த்துக் கையசைக்கலாம் என்று ஒரு கையை விட்டேன்.

அடுத்த நொடி உட்கார்ந்திருந்தேன். என்னைத் தூக்கக் குனிந்த நிலாவும் என்மேலேயே விழுந்தாள். வரிசையில் நின்ற ஆட்டக்காரர்கள், மெல்பர்ன் அணியும் சேர்ந்து, மட்டையை ஐஸில் தட்டத் தொடங்கினார்கள். இந்த ஆட்டத்தில் அதுதான் கைதட்டல் என்று என் காதுக்குள் சொன்னாள் நிலா, சிரிப்பில் வார்த்தை திக்க. எனக்கும் அடக்க முடியவில்லை. சல்வார் வழியாகக் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை விரித்துத் தரையில் வைத்துப் பார்த்தேன், நல்ல இறுக்கம். புகைப்படக்காரர் எழுந்திருக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர்கள் எல்லோரும் வந்து எங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.